லைனிங் வைத்த வானம்

பருந்து வந்தபோது பட்டதாரி கொல்லையில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை. தரையில் ஒரு நிழல் வழுக்கிப் போனதைப் பார்த்தாள். அண்ணாந்து பார்ப்பதற்குள் அந்த நிழலுக்குச் சொந்தக்காரன் இறங்கி வந்து, ஒரு குஞ்சை அள்ளிக்கொண்டு எழும்பிவிட்டான். கத்தலாம் என்று வாயைத் திறந்தால் நுரைதான் வந்தது. கையில் இருந்ததை விட்டெறிந்தாள். கையில் இருந்தது டூத் பிரஷ். அது பருந்தின் பக்கம்கூடப் போகாமல் மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு அத்தையின் கீரைப் பாத்தியில் போய் விழுந்தது.

"யாருடி அது, எச்சில் பிரஷ்ஷைக் கொண்டாந்து என் கீரையில போடுறது?"

அத்தைக்குக் காலையில் காபி இல்லாமல் போகும், கேள்வி இல்லாமல் போகாது.

"பருந்து அத்தை! குஞ்சைத் தூக்கிட்டுப் போயிடுச்சு!"

"அதுக்கு? பல் விளக்கிட்டுச் சாப்பிடுன்னு பிரஷ்ஷைக் கொடுத்து அனுப்பினியாக்கும்? பட்டம் வாங்கினவ செய்ற வேலையைப் பாரு!"

பட்டதாரி என்று பெயர் வைத்ததும் அத்தைதான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் என்ற பெருமையில் வைத்த பெயர் அல்ல. பால் பொங்கினால் "பட்டதாரி பார்த்துக்கிட்டாளா?" கொடியில் துணி நனைந்தால் "பட்டதாரிக்கு மழை வர்றது தெரியலையா?" இப்படிக் குத்திக் குத்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. அவளும் விட்டுவிட்டாள். குத்துகிறவர்களால் அந்தப் பட்டத்தைத் திருப்பி வாங்க முடியாது இல்லையா?

அவளுக்குப் பார்சல் கம்பெனி ஒன்றில் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, சாமான் வரவில்லை, உடைந்து வந்தது, வேறு யாருக்கோ போய்விட்டது என்று திட்டுகிறவர்களிடமெல்லாம் "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று சொல்ல வேண்டும். தேன் சொட்டுகிற குரலில் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஊரிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம், வீட்டு ஆட்களுக்குக் கொடுக்கப் பொறுமை எங்கே மிச்சம் இருக்கும்?

அம்மா சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். தாய்க்கோழி வெள்ளச்சி இறக்கையை விரித்துக்கொண்டு கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மிச்சக் குஞ்சுகள் துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தன. இன்ஸ்பெக்டர் என்று பட்டதாரி பெயர் வைத்திருந்த சேவல், ஆபத்து போன பிறகு கூட்டின் மேல் ஏறி நின்று மார்பை விறைத்துக்கொண்டு கூவியது. அதனால்தான் அந்தப் பெயர்.

"மறுபடியுமா?" என்றாள் அம்மா. குனிந்து, கல்லுக்கு அடியிலிருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

சாப்பிடும்போது அப்பா தீர்ப்பு சொன்னார்.

"பருந்துக்குச் சோறு போடவா நாம கோழி வளர்க்கிறோம்? ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். மொத்தமா கொடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம்."

"சரிங்க" என்றாள் அம்மா.

அந்த "சரிங்க" காதில் விழுந்ததும் பட்டதாரி எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் போட்டாள்.

அப்பா தையல்காரர். முன்னறை முழுக்க அவருடைய ராஜ்யம். தையல் மெஷின், வெட்டு மேசை, சுவரோரம் துணிக் கட்டுகள், ஆணியில் தொங்கும் பாதிச் சட்டைகள். அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள், காஜா எடுக்கிறாள், மடிப்பு அடிக்கிறாள். வாசல் பலகையில் அவள் பெயர் கிடையாது. அது போகட்டும். குழம்பு என்ன வைப்பது என்பதைக்கூட "என்னங்க, இன்னைக்கு என்ன வைக்கட்டும்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். தனக்குப் புடவை எடுக்கப் போனாலும் நிறம் சொல்லுகிறவர் அப்பா. கொல்லையில் மட்டும் அம்மா யாரையும் கேட்கமாட்டாள். எந்தக் கோழியை அடைக்கு உட்காரவைப்பது, எந்த முட்டையை விற்பது, எந்தச் சேவலை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். சமையலறைப் படியைத் தாண்டிக் கொல்லையில் கால் வைத்ததும் அம்மாவின் நடையே மாறிவிடும். அதைப் பட்டதாரி சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். அதையும் கூடையில் போட்டுக் கறிக்கடைக்கு அனுப்பப் போகிறாராம்!

"அம்மா, உனக்கு இதுல சம்மதமா?"

"அதான் அப்பா சொல்றாருல்ல."

"நான் உன்னைக் கேட்டேன்."

அம்மா தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். பட்டதாரி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒரு குஞ்சுகூடப் போகாம நான் பார்த்துக்கிட்டா?"

"நீயா?" அப்பா சிரித்தார். "போகாம பார்த்துக்கிட்டா உங்கம்மாவே வச்சுக்கட்டும். யார் வேணாம்னா?"

மறுநாள் அவள் ஆபீஸில் குப்பைக்குப் போக இருந்த பழைய சிடிக்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். பளபளப்பைக் கண்டால் பருந்து மிரளும் என்று ஃபோனில் யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ போட்டிருந்தான். பப்பாளி மரத்திலிருந்து துணிக்கொடி வரைக்கும் நூல் கட்டித் தொங்கவிட்டாள். கொல்லை கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. இன்ஸ்பெக்டர் ஒரு சிடியில் தன்னையே பார்த்துவிட்டு, எவனோ புதுச் சேவல் வந்துவிட்டான் என்று பாய்ந்து பாய்ந்து கொத்தியது. மைனாக்கள் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தன. பார்த்த கையோடு தீனியையும் காலி செய்தன. சாயங்காலம் பருந்து வந்தது. மதிலில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த சிடியில் தன் மூக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டது. அம்மா துடைப்பத்தோடு ஓடி வந்திராவிட்டால், சிங்காரம் முடிந்து சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்.

"ஒரு வலை வாங்கி மேல கட்டிடலாம்ப்பா" என்றாள் பட்டதாரி.

அவ்வளவுதான், அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வலையா? வீடு முழுக்கத் துணியை வச்சுக்கிட்டுக் கடையில போய் வலை வாங்குறதா? நான் எதுக்குடி இருக்கேன்? தையல்காரன் வீட்டுக் கொல்லைக்கு மேல் மூடி வெளியில இருந்து வந்துச்சுன்னா நாலு பேர் சிரிக்கமாட்டானா?"

கோழிகளை விற்கச் சொன்ன மனிதர்தான் இவர். ஆனால் தையல் என்ற பேச்சு எழுந்துவிட்டால் அப்பாவுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டார். மதிலுக்கு மதில் அளவெடுத்தார். பப்பாளி மரத்துக்குக் கழுத்துச் சுற்றளவு எடுத்தார், அந்த இடத்தில் துணி வளைந்து போக வேண்டுமாம். அதற்குப் பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைத் துரத்தினார்.

"அதை எதுக்குப்பா அளக்கிறீங்க?"

"கொண்டை உயரம் தெரிய வேண்டாமா? தலையில இடிச்சா என்னைத்தானே சொல்லுவீங்க."

ஒரு பள்ளிக்கூடம் சீருடை நிறத்தை மாற்றிவிட்டதால் தங்கிப்போன கருநீலத் துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதை இணைத்து, ஓரம் மடித்து, மூலைக்கு மூலை கயிறு கோக்க வளையம் வைத்துத் தைத்தார். வாடிக்கையாளர் ஒருவருடைய கால்சட்டை காத்திருந்தது. காத்திருக்கட்டும் என்றார். எல்லாம் முடிந்தது என்று பார்த்தால் கறுப்பு லைனிங் துணியை எடுத்து விரித்தார்.

"பந்தலுக்கு எதுக்குப்பா லைனிங்?"

"லைனிங் இல்லாம தைச்சா அது தையலா? உள்பக்கம் பிசிறு தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"கோழிக்குத் தெரியும்ல? அதுதானே கீழ இருந்து பார்க்குது."

பட்டதாரி தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை.

பந்தலைக் கட்டிய அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா ஸ்டூலில் ஏறிக் கடைசி முடிச்சைப் போட்டார். கொல்லை கப்பென்று இருண்டது. மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் நின்றன. ஒரு கண்ணால் மேலே பார்த்தன, அப்புறம் மறு கண்ணால் பார்த்தன. வெள்ளச்சி குஞ்சுகளை ஒரு குரல் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டு கூட்டுக்கு நடந்தது. பின்னாலேயே ஒவ்வொன்றாக எல்லாம் ஏறிக் கம்பில் உட்கார்ந்து கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டன. பொழுது சாய்ந்துவிட்டதாம்.

"என்னங்க, எல்லாம் தூங்கப் போகுது" என்றாள் அம்மா.

"புது இடம் மாதிரி இருக்கும். பழகிடும்."

அப்போது காற்று அடித்தது. பந்தலின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. வெயில் பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் பதறி எழுந்து கூவியது. கோழிகள் கொட்டாவி விடாத குறையாகக் கீழே இறங்கின. ரெண்டு வாய் கொத்துவதற்குள் காற்று நின்றது, ஓரம் விழுந்தது, ராத்திரி வந்தது. மறுபடி ஏறிப் படுத்தன. மறுபடி காற்று. மறுபடி விடியல்.

"டேய் தம்பி!" மதிலுக்கு மேல் அத்தையின் தலை முளைத்தது. அப்பாவுக்கு அக்கா அவள். அவரை அதட்ட உரிமை உள்ள ஒரே ஆள். "உன் வீட்டுச் சேவலுக்கு என்னடா கேடு? சாப்பிட்டுட்டுக் கண்ணை மூடினா விடியுதுங்குது, மூடினா விடியுதுங்குது!"

"பருந்து வந்துச்சா அக்கா? அதைச் சொல்லு."

"பருந்து எப்படிடா வரும்? அதுவும் பொழுது போயிடுச்சுன்னு கூட்டுக்குப் போயிருக்கும்!"

அப்பா அசையவில்லை. பருந்து வரவில்லை, ஆகவே பந்தல் வெற்றி. கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. தீனியைத் தொடவில்லை. அம்மா டார்ச்சும் கையுமாகக் கூட்டுக்குள் தலையை விட்டு, உள்ளங்கையில் நொய் வைத்து ஊட்டிப் பார்த்தாள். அரைத் தூக்கத்தில் எந்தக் கோழி சாப்பிடும்? இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இறங்கி ஏறி அலுத்துப்போன குஞ்சுகள், சனிக்கிழமை காலையில் கழுத்து தொங்கிக் கிடந்தன.

பட்டதாரிக்கு அன்று விடுமுறை. அம்மாவின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"பந்தலை அவிழ்த்துடச் சொல்லும்மா."

"ஆசையா தைச்சிருக்காரு. எப்படிச் சொல்றது?" அம்மா ஒரு குஞ்சின் அலகை விரலால் திறந்து தண்ணீர் விட்டாள். "விடுடி. நாளைக்குத்தான் கறிக்கடைக்காரர் வர்றாரே. பருந்து தின்னா என்ன, பசியில போனா என்ன, எல்லாம் ஒண்ணுதான்."

பட்டதாரி எழுந்தாள். முன்னறைக்குப் போனாள். வெட்டு மேசையில் அப்பாவின் பெரிய கத்திரி இருந்தது. துணியைத் தவிர வேறு எதையும் தொடாத, அப்பாவைத் தவிர வேறு யாரும் தொடாத கத்திரி. எடுத்தாள். அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. கொல்லையில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பந்தலின் நடுவயிற்றில் கத்திரியைக் குத்தி இழுத்தாள்.

லைனிங்கும் துணியும் சேர்ந்து கிழியும் சத்தம் ஒரு தையல்காரர் காதுக்கு எட்டாமல் போகுமா? அப்பா ஓடி வந்தார்.

"அடிப்பாவி! என்னடி பண்றே!"

"வெட்டுறேன்! கண்ணு தெரியலையா? உள்பக்கம் பிசிறு தெரியும்னு லைனிங் வைக்கத் தெரியுது, உள்ள ஒருத்தி வாயைத் திறக்காம நிக்கிறது தெரியலையா உங்களுக்கு? கோழிக்குக் கொண்டை உயரம் அளந்தீங்களே, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, விக்கலாமா வேணாமான்னு?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததோ இல்லையோ, கண் கத்திரியிலேயே இருந்தது.

"ஐயோ, குறுக்கால வெட்டாதடி! நூல் பிரிஞ்சு போயிடும்! வெட்டியே தீருவேன்னா நூலோட்டத்துல நேரா வெட்டு!"

கோபத்திலும் அவளுடைய கை நேராகத் திரும்பியது. தையல்காரர் மகள் அல்லவா? ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு, மூன்றாவது கோடு என்று இழுத்துக்கொண்டே போனாள். ஓரத்து மடிப்பு மட்டும் அப்பா அடித்திருந்த கெட்டித் தையலில் கத்திரிக்கு மசியவில்லை. அதனால் துணி கீழே விழவில்லை. அகல அகலமான நாடாக்களாகப் பிரிந்து, மதிலுக்கு மதில் தொங்கியது. காற்று வந்ததும் ஒவ்வொரு நாடாவும் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு படபடத்தது. இடையே வெயில் பட்டை பட்டையாக இறங்கியது. கூட்டுக்குள்ளிருந்து வெள்ளச்சி தலையை நீட்டியது. இறங்கியது. மண்ணைக் காலால் சீய்த்தது. குஞ்சுகள் தள்ளாடிக்கொண்டு பின்னால் வந்தன.

"தின்னுதுங்க!" என்றாள் அம்மா. "பாருங்க, தின்னுதுங்க!"

பார்த்தது அவர்கள் மட்டும் அல்ல. நிழல் ஒன்று மதிலில் ஏறி இறங்கியது. பட்டதாரி ஸ்டூலில் நின்றபடியே அண்ணாந்தாள். பருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அம்மா அலறினாள். பந்தல் உயரத்துக்கு வந்து, பிடிப்பதற்காக இறக்கையை விரித்ததுதான் தாமதம், ஒரு நாடா அதன் முகத்தில் பளாரென்று அறைந்தது. இன்னொன்று காலைச் சுற்றப் பார்த்தது. ஒரு நாடாவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விரித்த இறக்கை நுழையவில்லை. மடக்கினால் விழ வேண்டியதுதான். சடன் பிரேக் போட்ட பஸ் மாதிரி அந்தரத்தில் ஒரு குலுங்கு குலுங்கி, ரெண்டு இறகை உதிர்த்துவிட்டு, தட்டுத் தடுமாறி எழும்பிப் பக்கத்து மாடியில் போய் உட்கார்ந்தது.

பக்கத்து மாடியில் அத்தை மீன் காயப்போட்டிருந்தாள்.

"அடப்பாவி! என் மீனு! ஐயோ, பெருசா பார்த்து எடுக்குதே!"

அம்மாதான் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல் கூட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், ஆனால் அவர் பார்வை நாடாக்களின் மேல்தான் இருந்தது. பிசிறு பிசிறாக, ஒன்று அகலம், ஒன்று ஒல்லி.

"கத்திரியைக் கொடு இப்படி" என்றார். "இறங்கு. இது வெட்டா? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

சாயங்காலம் வரை உட்கார்ந்து, வெயில் தாராளமாக இறங்கட்டும் என்று ஒன்று விட்டு ஒரு நாடாவை உருவி எடுத்தார். மிச்சத்துக்கு எல்லாம் ஒரே அகலம் வைத்து ஓரம் அடித்தார். மதில் மேல் அத்தையின் தலை மறுபடி தெரிந்தது.

"தம்பி, என் மாடிக்கும் இதுபோல ஒண்ணு தைச்சுக் கொடுடா."

"லைனிங் வச்சா, வைக்காமலா அக்கா?"

"செருப்பு பிஞ்சிடும்" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் வந்தார். மொபெட்டின் பின்னால் மூங்கில் கூடை, கூடைக்குள் வேறு வீடுகளில் வாங்கிய கோழிகள். வாசலில் நின்று மணியை அடித்தார். அப்பா மெஷினிலிருந்து எழுந்து, வாசலைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"ஒரு குஞ்சும் போகலை. வாக்கு கொடுத்தது கொடுத்ததுதான்ப்பா" என்றாள் பட்டதாரி.

"நான் இல்லைங்கலை. ஆனா மனுஷன் இவ்வளவு தூரம் வந்துட்டாரு. வெறுங்கூடையோட அனுப்பினா என்ன நினைப்பாரு?" அம்மாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு பெட்டையை மட்டும் பிடிச்சுக் கொடுத்துடேன். மரியாதைக்கு."

பட்டதாரி மூச்சை இழுத்துப் பிடித்தாள். நாக்கு நுனியில் ஏழெட்டுப் பதில்கள் வரிசையில் நின்றன. எதையும் அவிழ்த்துவிடத் தேவையில்லாமல் போயிற்று.

"முடியாதுங்க" என்றாள் அம்மா.

"என்ன?"

"கொடுக்க முடியாது. நீங்க வரச் சொன்னீங்க, நீங்களே போகச் சொல்லுங்க. மரியாதைக்கு வேணும்னா ஒரு டம்ளர் மோர் தர்றேன்." பேசிக்கொண்டே ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "இனிமே கோழி விஷயம் எதுவா இருந்தாலும் என்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

குரல் உயரவில்லை. கொல்லையில் பேசுகிற அதே குரல்தான், ஆனால் முன்னறையில் நின்றுகொண்டு. அப்பா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார், பிரித்தார், திரும்பவும் சுருட்டினார்.

"கேட்டா சொல்லப் போறே. அதுக்கு ஏன் முறைக்கிறே?" என்றார்.

அம்மா அதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள். கறிக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடையைத் தட்டி, "அப்ப நான் கிளம்பவாம்மா?" என்றார்.

"இருங்க. அந்தப் புள்ளிப்பெட்டையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்களேன்."

அவர் எடுத்துக் கொடுத்தார். அம்மா கோழியைத் தலைகீழாகப் பிடித்தாள். இறக்கையை விரித்து ஊதிப் பார்த்தாள். மார்பெலும்பை விரலால் தடவினாள், கண்ணிமையை ஒதுக்கிப் பார்த்தாள்.

"இது முட்டைக்கோழி. இதையா கறிக்கு வாங்கினீங்க? கண்ணு எங்க வச்சிருந்தீங்க?"

"கொடுத்தாங்க, வாங்கினேன். நீங்க வேணும்னா எடுத்துக்கோங்க, ஆனா விலை—"

"விலையை நான் சொல்றேன்" என்றாள் அம்மா.

அப்புறம் தெருவே வேடிக்கை பார்க்கிற மாதிரி ஒரு பேரம் நடந்தது. கறிக்கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், மொபெட்டைக் கிளப்பினார், அணைத்தார், தன் பிள்ளைகளின் பசியைச் சொன்னார். அம்மா கோழியைக் கக்கத்திலிருந்து இறக்கவே இல்லை. கோழி வாங்க வந்த மனிதர் கடைசியில் கோழியை விற்றுவிட்டு, மோரையும் குடித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

புள்ளிப்பெட்டையைக் கொல்லையில் இறக்கியதும் பழைய கோழிகள் சுற்றிக்கொண்டு கொத்தப் பார்த்தன. "ஏய், தள்ளுங்க! ஒழுங்கா இருங்க எல்லாம்!" என்று அம்மா நடுவில் புகுந்து அதட்டினாள். பட்டதாரி கதவில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

"என்னடி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறே? புதுசு தண்ணி தவிச்சுக் கிடக்கு. வாளியை எடுத்துட்டு வா."

யாராவது வேலை ஏவினால் எரிந்து விழுகிற பட்டதாரி, குழாயடிக்கு ஓடினாள்.